குழாய் பருத்தால் சைக்கிள் இளைக்கும்: அலுமினிய சைக்கிளைப் புரிந்துகொள்ள

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சி, நாற்பது ஆண்டுகளாக இரும்பு சைக்கிளோடு வாழ்கிறவர். என் அலுமினிய ரோடு சைக்கிளை முதல்முறை அவர் முன்னால் நிறுத்தியபோது, அவர் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை, டயரை அமுக்கிப் பார்க்கவில்லை. மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோல, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பாரை நகத்தால் சுண்டினார். சீட்டுக்குப் பக்கத்தில் சுண்டியபோது ‘டொக்’ என்று அடங்கிய ஒலி. விரலை நகர்த்திக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்ததும் ‘டிங்’ என்று தெளிந்தது. முன்பக்கம் போனதும் மறுபடி அடங்கியது.

“நடுவில் தகடு மெலிசு, இரண்டு ஓரத்திலும் கனம். வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள், தம்பி” என்றார். யாரும் சொல்லித் தராமல் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: “என் கறுப்பு சைக்கிளில் குழாய் இதைவிட எவ்வளவோ சிறியது. அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். இது இவ்வளவு பருமனாக இருக்கிறது, ஒரு கையில் வருகிறது. இதென்ன கணக்கு?”

அந்தக் கணக்கு மட்டும் புரிந்துவிட்டால் போதும். அலுமினிய சைக்கிளை வாங்குவது, பாகம் மாற்றுவது, பராமரிப்பது, நின்று ரசிப்பது எல்லாமே அதிலிருந்து தானாக விளங்கும்.

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு சுமார் 7.85 கிராம் எடை இருக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிராம்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும், ‘அப்படியானால் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதே அளவில் அலுமினியக் குழாயைப் போட்டால் வேலை முடிந்தது’ என்று தோன்றும். முடியாது. உலோகத்தின் விறைப்பிலும் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயில் செய்தால் சைக்கிள் இலேசாகத்தான் இருக்கும். ஆனால் பெடலை மிதிக்கும்போது பிரேம் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும்.

இங்கேதான் வடிவம் கைகொடுக்கிறது. தாமிரபரணிக் கரையில் மூங்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெற்றிடம், வெளியே அகலம். அதே எடையுள்ள மரத்தைக் கெட்டியான மெல்லிய குச்சியாகச் செதுக்கினால் கையாலேயே வளைத்துவிடலாம். பொருள் மையத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கு அது வளைவை எதிர்க்கிறது. குழாய்க்கு இதைக் கணக்காகவே சொல்லலாம். தகட்டின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும்.

எண்களை வைத்தே பார்ப்போம். பழைய பாணி இரும்பு ரோடு சைக்கிளில் 28.6 மில்லிமீட்டர் விட்டமும் 0.9 மில்லிமீட்டர் தகடும் உள்ள குழாய் இருக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது சுமார் 615 கிராம். அதற்குப் பதிலாக 44 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தகடும் உள்ள அலுமினியக் குழாயை வைத்தால், மீட்டருக்குச் சுமார் 435 கிராம் வரும். எடை இவ்வளவு குறைந்தும் வளைவை எதிர்ப்பதில் இந்தக் குழாய் இரும்புக் குழாயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். உலோகம் விட்ட குறையை வடிவம் ஈடுகட்டி, மேலும் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. அண்ணாச்சியிடம் இதைக் கடைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு வட்டங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் செய்கிறவர்களுக்கே இந்தப் பாடம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1970களில் இத்தாலியின் ஆலன் நிறுவனமும், பின்னர் பிரான்சின் விட்டுஸ் நிறுவனமும் அலுமினிய பிரேம்களை இரும்பு சைக்கிளின் ஒல்லிக் குழாய் அளவிலேயே செய்தன. இலேசாக இருந்தன, பார்க்கவும் அழகு, ஆனால் பலசாலிகள் மிதித்தால் வளைந்தன. அந்த விட்டுஸ் சைக்கிளில்தான் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி பெரிய பந்தயங்களை வென்றார் என்பதையும் சொல்லவேண்டும். அதே 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன், குழாயைப் பருமனாக்கும் வழியைக் கையில் எடுத்தார். கேனன்டேல் நிறுவனம் 1983இல் தன் முதல் பருமன்குழாய் அலுமினிய சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் மார்கோ பாந்தானி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது பியாங்கி நிறுவனத்தின் அலுமினிய சைக்கிளில். அந்தப் பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றி அலுமினிய பிரேமுக்குக் கிடைத்தது அதுவே கடைசி. அடுத்த ஆண்டு முதல் கார்பன் இழையால் செய்த பிரேம்களின் காலம்.

பருமனும் மெலிவும் சேர்ந்தால் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால், டீக்கடைச் சுவரில் சாய்த்த சைக்கிள் சரிந்து கல்லில் விழுந்தால் குழாய் நசுங்கும். வீட்டு அலுமினியத் தூக்குச்சட்டி நசுங்குவதுபோலத்தான். எல்லா இடத்திலும் கனமாகச் செய்துவிட்டால் எடை ஏறும். அதனால், சுமை அதிகம் விழும் ஓரங்களில் மட்டும் கனமாகவும் நடுவில் மெலிசாகவும் இழுத்த குழாயைப் பயன்படுத்துகிறார்கள். இதைப் பட்டட் குழாய் என்பார்கள். அண்ணாச்சியின் நகம் கேட்ட இரட்டை ஒலி இதுதான்.

ஓரங்களில் ஏன் கனம் வேண்டும்? அங்கேதான் பற்றவைக்கிறார்கள். கறுப்பு சைக்கிளின் இரும்புக் குழாய்களைப் பித்தளை உருக்கி இணைக்கலாம், விட்டுப்போனால் நம் ஊர்ப் பட்டறையிலேயே மறுபடி ஒட்டலாம். அலுமினியத்தின் குணம் வேறு. அது 660 டிகிரியில் உருகிவிடும். ஆனால் காற்றுப் பட்டவுடன் அதன் மேல் படரும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். உள்ளே உருகி வெளியே உருகாத இந்தப் பொருளை இணைக்கத்தான் ஆர்கான் வெல்டிங் வேண்டியிருக்கிறது. அதோடும் முடியவில்லை. சைக்கிளில் அதிகம் பயன்படும் 6061 என்ற கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும் கலந்திருக்கும். அதன் முழு வலிமை சூட்டுப் பக்குவத்தால் வருவது. 500 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு சுமார் 170 டிகிரியில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கலைந்துவிடும். எனவே நல்ல தொழிற்சாலைகள் வெல்டிங் முடிந்தபின் பிரேம் முழுவதையும் திரும்பப் பக்குவப்படுத்துகின்றன. பக்குவம் செய்த 6061, செய்யாததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இழுவிசையைத் தாங்கும். ஜன்னல் கதவு செய்யும் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் இருக்கிறதே என்று விரிசல் விட்ட பிரேமை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஒட்டு அழகாகத்தான் இருக்கும், பக்கத்து உலோகம் வலிமை இழந்து நிற்கும்.

அதேபோல, கோணிப்போன அலுமினிய பிரேமை நெம்பி நிமிர்த்தவும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பின் கியர் தொங்கும் சின்னக் காது, ஹேங்கர் என்பது, திருகால் மாட்டிய தனித்துண்டு. சைக்கிள் விழுந்தால் பிரேமுக்குப் பதிலாகத் தான் வளையட்டும் என்றே மென்மையாகச் செய்தது. உங்கள் மாடலுக்கு உரிய ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நினைத்த நேரத்தில் கிடைக்காத பொருள் அது.

இனி பாகம் மாற்றும் ஆசைக்கு வருகிறேன். நான் மதிக்கும் ஆசை இது. ஆனால் வரிசை முக்கியம். அலுமினியம் ‘உடம்பை உலுக்கும்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் 23 மில்லிமீட்டர் டயரில் 110, 120 பி.எஸ்.ஐ. காற்று அடித்து ஓட்டிய காலத்தில் பிறந்தது. முக்கோண பிரேம் மேலும் கீழுமாக அசைவது மிகச் சொற்பம். டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்கும். எனவே சொகுசு வேண்டுமென்றால் முதல் பணம் டயருக்குப் போகட்டும். பிரேமில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் டயர் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அதில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. போதும், முன் சக்கரத்தில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போய்ப் பாருங்கள், ஒரே சாலை வேறு சாலையாகத் தெரியும்.

டயர் வாங்கும்போது இலேசானதை மட்டும் தேடாதீர்கள். நம் ஊர்ச் சாலையோரம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் காத்திருக்கின்றன. டயருக்குள் முள் தடுக்கும் பட்டை இருப்பது நல்லது. ரோடு சைக்கிள் டியூபின் வால்வு ஒல்லியாக, நுனியில் திருகோடு இருக்கும். அதைப் பிரெஸ்டா என்பார்கள். பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. விரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டுவைத்தால், மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் எந்த இடத்திலும் காற்று அடித்துக்கொள்ளலாம்.

அடுத்து பிரேக் கட்டை. ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் என்றால், சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் போய்வந்தபின் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ஈர மணலும் ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்குகளும் ரப்பரில் பதிந்து மின்னும். ஊசியால் அவற்றைத் தோண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரிம்மை அரம்போல அராவிவிடும். செயினையும் அளந்துகொண்டே இருங்கள். புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றும் நேரம். தேய்ந்த செயின் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பெரிய செலவான சக்கரத்துக்கு நம் காற்று ஒரு நிபந்தனை போடுகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பணகுடியிலிருந்து தெற்கே போகும்போது அந்தக் காற்று விலாவில் அடிக்கும். 50 மில்லிமீட்டர் உயர ரிம் காற்றைக் கிழிக்கும் என்பது உண்மைதான், ஆனால் விலாக்காற்றில் அதுவே பாய்மரம் ஆகி ஹேண்டில்பாரைத் திருப்பும். பக்கத்தில் லாரிகள் ஓடும் நான்குவழிச் சாலையில் அது ஆபத்து. 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும் நல்ல அலுமினிய ரிம்மும், நிதானமாகக் கோட்டம் எடுத்துக் கம்பிகளைச் சமமாக முறுக்கிய கைவேலையும் நமக்குப் போதும்.

‘கார்பன் பிரேமுக்கு மாறலாமா?’ என்று கேட்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்வேன். நல்ல அலுமினிய பிரேமுக்கும் கார்பன் பிரேமுக்கும் எடையில் அரைக் கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. அரை மணி நேரம் பிடிக்கும் மலையேற்றத்தில் அந்த அரைக் கிலோ மிச்சப்படுத்துவது சுமார் 11 விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிது. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர், சக்கரம், உடம்புக்குப் பொருந்தும் சீட் எல்லாம் வாங்கி, மீதியில் பல மாதம் பயணமும் போகலாம்.

டிராக் சைக்கிள் இந்தக் குடும்பத்தில் தனிப் பிறவி. வெலோட்ரோம் என்னும் சரிவான ஓடுதளத்தில் ஓட்டுவதற்கானது. சர்வதேசப் பந்தயத் தளம் ஒரு சுற்று 250 மீட்டர், வளைவுகளில் சுமார் 42 டிகிரிச் சரிவு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் காரியவட்டம் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் ஒரு வெலோட்ரோம் இருக்கிறது. டிராக் சைக்கிளில் பிரேக் இல்லை, கியர் இல்லை, பிரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். எல்லோரும் நெருக்கமாக ஓடும் தளத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் குவியலாக விழுவார்கள், அதனால் யாருக்குமே பிரேக் இல்லை. சாலையில் அப்படி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். டிராக் பிரேமைச் சாலைக்குக் கொண்டுவர விரும்பினால், முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க், பிரேக் மாட்டத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டிராக் பிரேமின் பின் முனை நமக்குப் பழக்கமானது. அச்சு உட்காரும் பிளவு பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். வாழைத்தார் ஏற்றும் கறுப்பு சைக்கிளில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை முறுக்குவோமே, அதே ஏற்பாடு. தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கக் கியர் கருவி இல்லாததால் சக்கரமே நகர்கிறது. முன்னால் 49 பல், பின்னால் 14 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற சக்கரம் மூன்றரைச் சுற்று, ஏறத்தாழ 7.35 மீட்டர். 34 மிதியில் 250 மீட்டர் தளம் ஒரு சுற்று முடிந்துவிடும். நிமிடத்துக்கு நூறு மிதி மிதித்தால் மணிக்கு 44 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து அந்த ஒரே கியரை உந்திக் கிளப்பும்போது பிரேம் வளையக் கூடாது. பருமன் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கார்பன் வந்தபிறகும் அலுமினிய டிராக் பிரேம்களுக்கு மதிப்புக் குறையாததற்கு இது ஒரு காரணம். ஜப்பானின் கெய்ரின் என்னும் டிராக் பந்தயத்தில், ஆண்கள் பிரிவில் மட்டும் இன்றுவரை இரும்பு பிரேம்தான் விதி.

பராமரிப்பில் என் அனுபவம் ஒன்று. அலுமினிய பிரேமில் கார்பன் சீட் பைப் மாட்டி, ஓராண்டு கழற்றாமல் ஓட்டினேன். வியர்வை, மழை, திருச்செந்தூர்க் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்று மூன்றும் இடுக்கில் இறங்கின. உப்பு நீர் நடுவில் இருந்தால் கார்பனும் அலுமினியமும் ஒரு சிறு மின்கலம்போல ஆகிவிடும், அரிபடுவது அலுமினியம். சீட்டின் உயரத்தை மாற்ற முயன்ற அன்று அது அசையவே இல்லை. எண்ணெய் விட்டும் பயனில்லை. கடைசியில் அண்ணாச்சி சீட் பைப்பின் தலையை வெட்டி, உள்ளே ரம்பத் தகட்டை விட்டு, குழாயைத் தொடாமல் நீளவாக்கில் அறுத்தார். இரண்டு நாள் வேலை. வெளியே வந்த துண்டுகளில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட் பைப்பை உருவித் துடைக்கிறேன். கார்பன் என்றால் அதற்கான பேஸ்ட், அலுமினியம் என்றால் கிரீஸ். பெடல் திருகுக்கும் எல்லா போல்ட்டுக்கும் கிரீஸ் உண்டு. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் பக்கத்தில் 5 என்.எம். (நியூட்டன் மீட்டர்) என்பதுபோல முறுக்கும் அளவு அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது, அதற்கென டார்க் ஸ்பேனர் இருக்கிறது.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு குணம், சோர்வு. இரும்பு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை இல்லை. ஒவ்வொரு மிதியும் கணக்கில் ஏறுகிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதை அறிந்தே தாராளமான கையிருப்போடு வடிவமைக்கிறார்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210இன்படி, ஓங்கி மிதிக்கும் விசையை 1,00,000 முறை கொடுத்து பிரேமைச் சோதிக்கிறார்கள். இருந்தாலும் வாங்குமுன் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ்க் குழாய், ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் முன்குழாயோடு சேரும் இடம், பெடல் அச்சுக் கூட்டைச் சுற்றி, சீட் பைப்பை இறுக்கும் பிளவின் அடி, பின்சக்கர முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்டில் மயிர்க்கோடு தெரிந்தால் பஞ்சால் தடவுங்கள். இழை சிக்கினால் அது கீறலாக இருக்காது, விரிசலாக இருக்கும்.

இப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு ரசனையும் கூடவே வந்துவிடும். வெல்டிங் வரியை மீன் செதில்போல அடுக்கடுக்காக விட்ட பிரேம்கள் உண்டு. செதில்கள் சம இடைவெளியில் இருந்தால் அந்தக் கை தேர்ந்த கை. தொண்ணூறுகளின் கேனன்டேலில் அதையே இழைத்து, குழாயிலிருந்து குழாய் முளைத்ததுபோல ஆக்கியிருப்பார்கள். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் அலே ஸ்பிரின்ட் பிரேமில், முன்குழாயைக் கிளையோடு வார்த்ததுபோல வடித்து, வெல்டிங்கையே சுமை குறைந்த இடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சென்ற மாதம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர், யாரிடமோ வாங்கிய அலுமினிய சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். அண்ணாச்சி வழக்கம்போலச் சுண்டிக்கொண்டே வந்தார். முன்குழாய்க்கு அருகில் ஒலி கரகரத்தது. விளக்கைக் கிட்டத்தில் பிடித்தோம். வெல்டிங்கின் ஓரமாக ஒரு அங்குல நீளத்துக்கு மயிர்க்கோடு. “இதை ஒட்டித் தரமாட்டேன் தம்பி, நீ இதில் ஏறவும் கூடாது” என்று சொல்லிவிட்டார். சக்கரம், கியர், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி, மாணவருக்குப் பொருந்தும் அளவில் வேறொரு பழைய அலுமினிய பிரேம் தேடி அதில் மாட்டினோம். அந்தச் சைக்கிள் இப்போது தினமும் ஈரடுக்கு மேம்பாலம் ஏறிக் கல்லூரிக்குப் போகிறது. விரிசல் விட்ட பிரேமை அண்ணாச்சி கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். பிரேம் வாங்கப்போவதாகச் சொல்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக, கோடு இருக்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவைத்திருக்கிறார்.